பழைய ஏடாட், டிஏ-88 எட்டு ட்ராக் டேப் மெஷின் வாங்கறதும் பாத்துக்கறதும்: வடசென்னைக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் 90கள்ல மெல்லிசைக் குழு வச்சிருந்தவங்க, சர்ச் கொயர்ல பாடுனவங்க, கானா கேசட் போட்டவங்க வீட்டுப் பரண்ல தேடிப் பாத்தீங்கன்னா வீடியோ கேசட் மாதிரியே ஒண்ணு கெடக்கும், மேல பேனால "1 கிக், 2 ஸ்னேர், 3 பேஸ், 7 வாய்ஸ்"னு எழுதிருக்கும். கல்யாண வீடியோன்னு நெனச்சி டெக்ல போட்டா படமும் வராது பாட்டும் வராது. அது ஏடாட் டேப்பு. எட்டு ட்ராக்கும், அதாவது ஒவ்வொரு வாத்தியமும் குரலும் பதிஞ்ச எட்டு வரிசையும், தனித்தனியா உள்ள இருக்கு, ஆனா அத வெளிய எடுக்கணும்னா அதுக்குன்னு இருக்கற மெஷின் வேணும், அந்த மெஷின் எல்லாம் இப்ப வயசாகி ஒவ்வொண்ணா படுத்துக்கிட்டு வருது. இன்னும் ஓடற மெஷினா பாத்து வாங்கி, டேப்ப எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தி முடிக்கற வரைக்கும் அத உயிரோட வச்சிக்கறது எப்படின்னு மொதல்லேந்து சொல்றேன்.

ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லிடறேன். "டேப்புல ரெக்கார்ட் பண்ணா சவுண்டு கதகதன்னு வரும்"னு கேள்விப்பட்டு இத வாங்க நெனைக்கறவங்க தயவுசெஞ்சி வாங்காதீங்க. அந்தப் பேச்சு அனலாக் டேப்புக்கு. இதுல டேப்புல பதியறது வெறும் ஒண்ணும் சைபரும்தான், டேப்பு சவுண்டோட குணத்த மாத்தாது. புதுசா ரெக்கார்ட் பண்ணணும்னா மைக்கையும் வாத்தியத்தையும் கம்ப்யூட்டர்ல கோக்கற, இன்னிக்கு கெடைக்கற சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியே போதும். கையில பழைய டேப்பு இருக்கு, இல்ல தெரிஞ்சவங்க கிட்ட கட்டு கட்டா இருக்கு, அத காப்பாத்தணும்னு நெனைக்கறவங்களுக்குத்தான் இந்த மெஷின். ஒண்ணு ரெண்டு டேப்புதான்னா மெஷின் வாங்காம, ஏற்கனவே வச்சிருக்கறவங்க கிட்ட குடுத்து மாத்திக்கறது நல்லது.

எந்த மெஷின் எந்த டேப்புக்கு

இத தப்பா புரிஞ்சிக்கிட்டா காசு போச்சு. ரெண்டு குடும்பம் இருக்கு, ஒண்ணோட டேப்பு இன்னொண்ணுல போகவே போகாது.

மொதல் குடும்பம் ஏடாட். அலெசிஸ் கம்பெனி 1991 ஜனவரில காட்டி 1992ல விக்க ஆரம்பிச்சது. எஸ்-விஎச்எஸ் (சாதாரண வீடியோ கேசட்டோட ஒசந்த ரகம்) கேசட்டுல 8 ட்ராக், 16 பிட் (சத்தத்த எவ்வளவு நுணுக்கமா பதியுதுங்கற கணக்கு). ஒரு மெஷினோட இன்னொண்ண கோத்துக்கிட்டே போயி 16 மெஷின், 128 ட்ராக் வரைக்கும் போலாம். அதுக்கு முன்னாடி டிஜிட்டல் மல்டிட்ராக்னா சோனி பிசிஎம்-3324 மாதிரி பெரிய ரீல் மெஷினு, விலை லட்சம் டாலர் கணக்குல, பெரிய ஸ்டூடியோவால மட்டும்தான் முடியும். ஏடாட் 4,000 டாலருக்குள்ள வந்ததாலதான் உலகம் பூரா சின்ன சின்ன ரூம்ல கூட ஸ்டூடியோ மொளச்சிது. முன்பக்கம் கருப்பா இருக்கற மொதல் மாடல 'பிளாக்ஃபேஸ்'னு சொல்லுவாங்க. அடுத்து எக்ஸ்டி வந்துச்சு, ரீவைண்ட் எல்லாம் ரொம்ப வேகம். 90கள் கடைசில எக்ஸ்டி20, எல்எக்ஸ்20, எம்20னு 20 பிட் மாடலுங்க, இத 'டைப் 2'ன்னு சொல்றாங்க. டைப் 2 மெஷின் பழைய 16 பிட் டேப்பையும் படிக்கும், ஆனா 20 பிட்ல ரெக்கார்ட் பண்ண டேப்ப பிளாக்ஃபேஸோ எக்ஸ்டியோ படிக்காது. அதனால உங்க கிட்ட ரெண்டு வகையும் கலந்து இருந்தா எக்ஸ்டி20 இல்ல எல்எக்ஸ்20 தேடுங்க. ஃபாஸ்டெக்ஸ் ஆர்டி-8, பானாசோனிக் எம்டிஏ-1 ரெண்டும் இதே டேப்ப ஓட்டற மெஷினுங்கதான், யாராவது வித்தா விட்றாதீங்க.

ரெண்டாவது குடும்பம் டாஸ்காம் டிஏ-88, 1993ல வந்தது. இதுக்கு சின்ன கேம்கார்டர்ல போடற ஹை8 கேசட்டு. இதுவும் 8 ட்ராக்தான், ஆனா ஒரு கேசட்டுல 100 நிமிஷத்துக்கு மேல புடிக்கும். டிஏ-38, டிஏ-98, அப்புறம் 24 பிட் போற டிஏ-78எச்ஆர், டிஏ-98எச்ஆர் எல்லாம் இதே வம்சம். சோனி பிசிஎம்-800ங்கறதும் உள்ளுக்குள்ள இதே டிஏ-88தான். இங்கயும் புதுசு பழச படிக்கும், பழசு 24 பிட் டேப்ப படிக்காது.

எங்க தேடறது

கடையில போயி "ஏடாட் இருக்கா"ன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட்ல கேபிள், கனெக்டர், ஸ்பேர் கெடைக்கும், மெஷின் அங்க கெடைக்கறது அபூர்வம். மூடிப் போன ஸ்டூடியோ ஓனருங்க, பழைய சவுண்டு சர்வீஸ்காரங்க, கேசட் கம்பெனி நடத்துனவங்க, அப்புறம் இப்பவும் மேடை ஏறற கீபோர்டு வாசிக்கறவங்க, இவங்க கிட்ட போயி "அண்ணே, அந்தக் காலத்து எட்டு ட்ராக் மெஷின் யார்கிட்டயாவது தூங்குதா"ன்னு கேளுங்க. பத்து பேர்ல ஒருத்தராவது "அட, என் மச்சான் வீட்டு மாடில கெடக்குதே"ன்னு சொல்லுவாரு. வெளிநாட்டுலேந்து ஆன்லைன்ல வாங்கினா ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேந்து மெஷின் விலையவே தாண்டிடலாம், வர்ற வழியில ஆடுன ஆட்டத்துல உள்ள டேப்ப ஓட்டற பாகம் (ட்ரான்ஸ்போர்ட்டு) எடம் மாறியும் போலாம். நேர்ல போயி ஓட்டிப் பாத்து எடுக்கறதுதான் எப்பவும் மேல்.

முடிஞ்சா ஒரே மாடல்ல ரெண்டு மெஷின் எடுங்க, ரெண்டாவது ஓடலன்னாலும் பரவால்ல. ஸ்பேருக்கு அதுதான் உங்க கடை.

நேர்ல பாக்கும்போது

மொதல்ல பின்னாடி ஸ்டிக்கர்ல வோல்டேஜ் படிங்க. சில மெஷின் எந்த வோல்டேஜுக்கும் ஒத்துப்போகும், சிலது அந்தந்த நாட்டுக்குன்னே பண்ணது. 110, 120ன்னு மட்டும் போட்டிருந்தா நம்ம ஊரு 230ல நேரா சொருகினா பவர் சப்ளை போயிடும், ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும்.

அடுத்து மேல் மூடிய கழட்டிப் பாக்க விக்கறவர் கிட்ட பர்மிஷன் கேளுங்க. குடுக்க மாட்டேன்னா அந்த எடத்த விட்டு கெளம்பிடுங்க, நான் சீரியஸாதான் சொல்றேன். தொறந்ததும் ஸ்க்ரூ தலையப் பாருங்க. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி கடல ஒட்டி இருக்கற வீட்டுல வருஷக்கணக்கா கெடந்த மெஷின்னா ஸ்க்ரூ தலை பழுப்பா ஆகிருக்கும், தகரத்து மேல வெள்ளையா பொடி பூத்திருக்கும். வெளிய அப்படின்னா உள்ள ஐசி காலு, ரிப்பன் கேபிள் கனெக்டர் எல்லாம் உப்புக்காத்து போயிருக்குன்னு அர்த்தம். பல்லி முட்டை, கரப்பான் கழிவு, எறும்பு மண்ணு இருந்தா பவர் சப்ளை போர்டு பக்கம் டார்ச் அடிச்சி நல்லா பாருங்க, பல்லி மாட்டி கருகிப்போன போர்டுங்க நம்ம பக்கம் சாதாரணம்.

டிஏ-88ன்னா போர்டுல இருக்கற சின்ன சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் மேல கண்ண வைங்க. இந்த மாடலோட பெரிய நோயே அதுதான், கெப்பாசிட்டர்லேந்து திரவம் கசிஞ்சி பக்கத்துல இருக்கற காப்பர் தடத்தையே அரிச்சிடும். அடியில ஈரமா பளபளன்னு இருந்தாலோ, சோல்டர் மங்கிப் போயி பச்சை ஏறியிருந்தாலோ, மீன் கவுச்சி மாதிரி வாடை வந்தாலோ எல்லா கெப்பாசிட்டரும் மாத்தணும், அந்த செலவ விலையில கழிச்சி பேசுங்க.

ஏடாட்னா ரப்பர் சாமானப் பாருங்க. டேப்ப அழுத்தி இழுக்கற ரப்பர் உருளை, அதாவது பிஞ்ச் ரோலர், மேட்டா கருப்பா இருக்கணும், கண்ணாடி மாதிரி பளபளத்தா காஞ்சி போச்சுன்னு அர்த்தம். ரீல சுத்தற ஐட்லர் வீல்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. ரீவைண்ட் பாதில நின்னு எரர்னு காட்டறது, டேப்ப உள்ள வாங்கி உடனே துப்பறது, ரெண்டுக்கும் பெரும்பாலும் இந்த ரப்பரோ, டேப்பு எந்த நெலையில இருக்குன்னு மெஷினுக்கு சொல்ற, அழுக்கேறிப் போன மோட் ஸ்விட்ச்சோதான் காரணம். சரி பண்ணிடலாம், அதனால அத வச்சி மெஷின வேணாம்னு சொல்லாதீங்க, விலைய குறைங்க.

சரி பண்ண முடியாதது ஹெட் ட்ரம், டேப்ப படிக்கற ஹெட்டுங்க பதிச்ச, சுத்தற உருளை. புது ட்ரம் கெடைக்கறது குதிரைக்கொம்பு. ட்ரம் எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு மெஷினே கணக்கு வச்சிருக்கும், எந்த ரெண்டு பட்டன சேத்து அமுக்கினா காட்டும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல் பிடிஎஃப் நெட்டுல இருக்கு, போறதுக்கு முன்னாடி போன்ல இறக்கிக்கோங்க. என் கணக்குப்படி 500 மணிக்கு கீழன்னா சந்தோஷமா எடுக்கலாம், 1,000 தாண்டினா டேப்பு ஓட்டிப் பாத்துதான் முடிவு, 2,000 தாண்டினா ஸ்பேருக்கு மட்டும்.

ஓட்டிப் பாக்கறது: போகும்போது ஒரு காலி டேப்பு எடுத்துட்டுப் போங்க. உங்க கிட்ட இருக்கற ஒரே ஒரிஜினல எடுத்துட்டுப் போயி தெரியாத மெஷின்ல விடவே விடாதீங்க, அழுக்கு மெஷின் டேப்ப கசக்கி முழுங்கினா அந்தப் பாட்டு அதோட முடிஞ்சிது. காலி டேப்ப கொஞ்ச நேரம் ஃபார்மேட் பண்ணி, எட்டு ட்ராக்லயும் எதாவது ரெக்கார்ட் பண்ணி, ஒவ்வொண்ணா ப்ளே பண்ணி கேளுங்க. கேக்கறது மட்டும் பத்தாது. இந்த மெஷின்ல எரர் கரெக்‌ஷன் இருக்கு, ஹெட்டு படிக்கறதுல விட்டத கணக்கு போட்டு ரொப்பிடும், அதனால காதுக்கு சுத்தமா கேக்கும், ஆனா உள்ள தடுமாறிக்கிட்டே இருக்கும். ஒரு எல்லைய தாண்டுனதும் கொரகொரன்னு கூட வராது, திடீர்னு மியூட் ஆயிடும். அதனால டிஸ்ப்ளேல வர்ற எரர் இண்டிகேட்டர பாருங்க, அது அடிக்கடி கண்ணடிச்சா ஹெட் அழுக்கு இல்ல தேஞ்சி போச்சு. க்ளீன் பண்ணியும் கண்ணடிச்சா தேஞ்சி போச்சு.

வீட்டுக்கு கொண்டு வந்ததும்

உடனே ஆன் பண்ணாதீங்க. ஏசி ரூம்லேந்து நம்ம ஊரு வேர்வை காத்துக்கு வந்தா ட்ரம் மேல கண்ணுக்குத் தெரியாம ஈரம் படியும், டேப்பு அதுல ஒட்டிக்கிட்டா சுத்தற ட்ரம் டேப்ப கிழிச்சிடும். ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் சும்மா வைங்க. ஐப்பசி கார்த்திகை மழையில இன்னும் ஜாக்கிரதை, அந்த மாசங்கள்ல டேப்பு மாத்தற வேலையவே நான் வச்சிக்க மாட்டேன். தை மாசத்துலேந்து பங்குனி வரைக்கும்தான் நம்ம ஊருக்கு தோதான சீசன்.

மெஷின தரையில வைக்காதீங்க. வடசென்னைல இருக்கற யாருக்கும் மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வர்றது பத்தி சொல்லித் தர வேண்டியதில்ல, 2015லயும் 2023 டிசம்பர் புயல்லயும் பாத்துட்டோம். டேப்பும் மெஷினும் இடுப்பு உயரத்துக்கு மேல இருக்கட்டும்.

யூபிஎஸ் கண்டிப்பா. டேப்பு ட்ரம்ம சுத்தி இழுத்துக்கிட்டு ஓடும்போது கரண்டு போனா டேப்பு அங்கயே மாட்டிக்கிட்டு நிக்கும். அப்ப கேசட்ட புடிச்சி இழுக்காதீங்க. கரண்டு வந்து ஆன் பண்ணா பெரும்பாலும் தானா துப்பிடும், துப்பலன்னா ப்ளக்க புடுங்கிட்டு மூடிய தொறந்து லோடிங் மோட்டார் தண்ட விரலால மெதுவா திருப்பித் திருப்பி டேப்ப பின்னாடி வாங்கணும்.

ஹெட் க்ளீனிங்: இத மட்டும் நிதானமா படிங்க

தேவையானது 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு துண்டு ஷாமாய் தோல் (நூல் விடாத, மெத்துனு இருக்கற தொடைக்கற தோல்), நல்ல வெளிச்சம். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர், சென்ட்டு எல்லாம் வேணாம். ட்ரம்ம காதுக் குச்சி பஞ்சால தொடவே தொடாதீங்க, ட்ரம் ஓரத்துல மயிர விட மெல்லிசா ஹெட்டு நீட்டிக்கிட்டு இருக்கும், பஞ்சு நூலு மாட்டி இழுத்தா ஹெட்டு உடையும், உடைஞ்சா மெஷினே போச்சு.

ப்ளக்க புடுங்கி கொஞ்ச நேரம் விடுங்க, பவர் சப்ளைல கெப்பாசிட்டர் சார்ஜோட இருக்கும். ஷாமாய சொட்டாத அளவுக்கு நனைச்சி, மடிச்சி, ட்ரம்மோட பக்கவாட்டுல தட்டையா வச்சி விரலால லேசா அழுத்திப் புடிங்க. இந்தக் கை அசையக்கூடாது. இன்னொரு கையால ட்ரம்மோட தலைய புடிச்சி மெதுவா சுத்துங்க, ட்ரம்தான் ஓடணும், துணி ஓடக்கூடாது. மேலயும் கீழயும் தேய்க்கறது தடை. நாலஞ்சி சுத்து சுத்துனதும் துணிய எடுத்துப் பாருங்க, பழுப்புக் கோடு விழுந்திருக்கும், அதுதான் டேப்புலேந்து உதிர்ந்த ஆக்ஸைடு. துணியோட சுத்தமான எடத்த மாத்தி மாத்தி, கோடு விழாம ஆகற வரைக்கும் பண்ணுங்க.

டேப்பு போற வழியில இருக்கற கம்பிங்க, டேப்ப இழுக்கற கேப்ஸ்டன் தண்டு, இதுக்கெல்லாம் காதுக் குச்சி ஓகே. ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் அடிக்கடி போட்டா ரப்பர் காஞ்சிடும், ஈரத்துணியால தொடச்சா போதும். ஐட்லர் வீல் வழுக்குச்சின்னா நைஸ் உப்புத்தாள்ல லேசா தேச்சா கொஞ்ச நாள் ஓடும், புது ரப்பர் போடறதுதான் நெலையான வைத்தியம். முடிச்சதும் அரை மணி நேரம் காய விடுங்க.

அந்த வழியில இருக்கற கம்பிங்க (கைடு போஸ்ட்) தலையில ஸ்க்ரூ மாதிரி பள்ளம் இருக்கும், அத ஒரு நூல் கூட திருப்பாதீங்க. டேப்பு எந்த உயரத்துல ஓடணும்னு அதுதான் முடிவு பண்ணுது, ஆசிலாஸ்கோப் இல்லாம அத சரியா திருப்பி வைக்க முடியாது. நம்ம பக்கம் டெக் ரிப்பேர் பண்ணுன பழைய மெக்கானிக்குங்க இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் கடை வச்சிருக்காங்க, ட்ரான்ஸ்போர்ட் விஷயத்துல அவங்களுக்கு இருக்கற கைப்பக்குவம் ஸ்டூடியோ எஞ்சினியருக்கு கூட கெடையாது, ஏன்னா ஏடாட் உள்ள இருக்கறது எஸ்-விஎச்எஸ் டெக்கோட மெக்கானிசம்தான். "அண்ணே, ரப்பரும் மோட் ஸ்விட்ச்சும் மட்டும் பாருங்க, கைடு போஸ்ட்ட தொடாதீங்க"ன்னு சொல்லி, பக்கத்துலயே ஒக்காந்துக்கோங்க.

தினசரி பழக்கம்னு பாத்தா மூணுதான் முக்கியம். மெஷின் ஆன் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் உள்ள டேப்பு இருக்கக்கூடாது. டேப்ப நிறுத்தி வச்சிட்டு டீ குடிக்கப் போகாதீங்க, ட்ரம் ஒரே எடத்துல டேப்ப தேச்சிக்கிட்டே இருக்கும், ஏடாட்ல இன்னொரு வாட்டி ஸ்டாப் அமுக்கினா டேப்பு ட்ரம்ம விட்டு வெலகும். எண்ணூர் ரோடு கண்டெய்னர் லாரி புழுதி வர்ற வீடுன்னா மேல ஒரு காட்டன் துணி போட்டு மூடுங்க, பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள வேர்க்கும்.

டேப்பு வாங்கறதும் பழைய டேப்ப தொடறதும்

டெஸ்ட்டுக்கு காலி டேப்பு வேணும்னா பழைய கல்யாண வீடியோ ஸ்டூடியோவுல கேளுங்க, எஸ்-விஎச்எஸ்ஸும் ஹை8ம் அவங்க கிட்டதான் மிச்சம் இருக்கும். சாதாரண விஎச்எஸ் வேணாம், எஸ்-விஎச்எஸ்னு போட்டிருக்கணும். ஏடாட் டேப்ப வீடியோவ விட ஏறக்குறைய மூணு மடங்கு வேகமா ஓட்டும், அதனால எஸ்டி-120 டேப்புல 40 நிமிஷம்தான். நம்ம ஊருல கெடைக்கறது பால் (PAL, நம்ம ஊரு டிவி முறை) சிஸ்டத்துக்கான எஸ்இ-180, அதுல டேப்பு நீளம் எஸ்டி-120 அளவுதான், 180ன்னு இருக்குதேன்னு மூணு மணி நேர மெல்லிசு டேப்புன்னு பயப்பட வேணாம். ஹை8ல எம்பி (மெட்டல் பார்ட்டிக்கிள்) டேப்பு தேடுங்க, எம்ஈ (மெட்டல் எவாப்பரேட்டட்) வேணாம்.

பரண்லேந்து எடுத்த டேப்ப நேரா மெஷின்ல சொருகாதீங்க. கேசட்டு ஜன்னல் வழியா டார்ச் அடிச்சி ரீல் ஓரத்தப் பாருங்க, வெள்ளையா பவுடர் மாதிரி, சிலந்திவலை மாதிரி இருந்தா அது பூஞ்சை. அந்த டேப்பு ஒண்ணு போட்டா ஹெட்டுல ஒட்டி, அடுத்து போடற அத்தன டேப்புக்கும் பரவும். அத தனி கவர்ல கட்டி ஓரமா வைங்க, பூஞ்சைய சுத்தம் பண்றவங்க கிட்ட தனியா குடுக்கணும், மூக்குக்கும் நல்லதில்ல, மாஸ்க் போட்டுக்கோங்க. நல்லா இருக்கற டேப்ப சிலிகா ஜெல் பாக்கெட்டோட காத்து புகாத டப்பால ஒரு வாரம் வச்சி அப்புறம் எடுங்க. ரெக்கார்ட் தடுப்பு காதையும் உடைச்சிடுங்க, ஹை8ன்னா ஸ்லைடர தள்ளிடுங்க, ரெக்கார்ட் பட்டன்ல விரல் பட்டா தாங்காது.

டேப்ப கம்ப்யூட்டருக்கு மாத்தறது

ஏடாட்ல இது ரொம்ப சுலபம். பின்னாடி ஆப்டிக்கல் அவுட் இருக்கு, ஒரே ஒரு ஃபைபர் கேபிள்ல எட்டு ட்ராக்கும் டிஜிட்டலாவே போகும், இன்னிக்கு விக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல கூட அந்த ஏடாட் இன்புட் நெறய வருது. இன்டர்ஃபேஸ் செட்டிங்ல க்ளாக் சோர்ஸ் (எந்தப் பெட்டியோட நேரக் கணக்குல ஓடணும்ங்கறது) 'ஏடாட்'னு மாத்துங்க, இது பண்ணலன்னா டிக் டிக்னு சத்தம் விழும், எல்லாரும் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கறது இங்கதான்.

சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தன தடவ சத்தத்த அளந்து பதியுதுங்கற எண்ணிக்கை) பாருங்க. பிளாக்ஃபேஸ் அடிப்படைல 48 கிலோஹெர்ட்ஸ் மெஷின், 44.1 வேணும்னா பிட்ச்ச மைனஸ் 147 சென்ட் எறக்கி ரெக்கார்ட் பண்ணுவாங்க. அப்படிப் பண்ண டேப்ப சும்மா போட்டா கீபோர்டுல ஒன்றரை கீ ஏறிக் கேக்கும், பாடுனவரு குரலே கீச்சுன்னு மாறிடும். டேப்பு உறையில எழுதிருந்தா நல்லது, இல்லன்னா பாடுனவங்கள கூப்பிட்டு அந்தப் பாட்டு எந்த ஸ்ருதின்னு கேளுங்க.

டிஏ-88ல டிஜிட்டல் கனெக்டர் டிடிஐஎஃப்னு 25 பின்னு, அத நேரா வாங்கற இன்டர்ஃபேஸ் இப்ப கெடைக்கறது கஷ்டம், கன்வர்ட்டர் பெட்டி தேடணும். கெடைக்கலன்னா அனலாக் அவுட்லேந்து எட்டு லைன் இன்புட்டுக்கு எடுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா அனலாக் பேலன்ஸ்டு கனெக்டரும் இதே 25 பின் வடிவம்தான், மாத்தி சொருகாதீங்க, பழைய கம்ப்யூட்டர் பிரிண்டர் கேபிளும் வேலைக்கு ஆகாது.

16 ட்ராக் பாட்டுன்னா ரெண்டு டேப்பு இருக்கும். ஒரு மெஷின்தான் இருக்குன்னு கவலப்படாதீங்க. ரெண்டு டேப்பையும் டிஜிட்டலா, க்ளாக் மெஷினுக்கு கட்டி, தனித்தனியா ஏத்துங்க. ரெக்கார்ட் பண்ணும்போது ரெண்டு மெஷினும் சாம்பிள் கணக்குல ஒண்ணாதான் ஓடிருக்கும், அதனால கம்ப்யூட்டர்ல ஆரம்பத்த மட்டும் நகத்தி ஒட்ட வச்சா கடைசி வரைக்கும் விலகாது. ட்ரம்ஸ் சத்தம் பக்கத்து ட்ராக்ல கசிஞ்சிருந்தா அத வச்சி ஒட்டலாம்.

ஒரே டேப்ப ரெண்டு வாட்டி ஏத்தி, ரெண்டோட ஆரம்பத்தையும் ஒட்ட வச்சி, ஒண்ணோட ஃபேஸ மட்டும் (சத்த அலைய தலைகீழா) திருப்பி, சேத்து ஓட்டிப் பாருங்க. முழுசா சைலன்ஸ்னா ரெண்டு வாட்டியும் அச்சு அசலா ஒரே டேட்டா வந்திருக்கு. எங்கயாவது டிக்குனு கேட்டா அந்த எடத்துல ஹெட்டு தடுமாறிருக்கு, க்ளீன் பண்ணி அந்தப் பகுதிய மறுபடி எடுங்க, அப்பவும் வரலன்னா வேற மெஷின்ல போட்டுப் பாருங்க, ஒரு மெஷின் படிக்காத டேப்ப இன்னொண்ணு சுத்தமா படிக்கறது உண்டு. அனலாக்ல எடுத்தவங்களுக்கு இந்த டெஸ்ட்டு சரிப்படாது, காதால கேட்டுதான் ஆகணும்.

40 நிமிஷ டேப்பு ஒண்ணு 16 பிட், 48ல எட்டு ட்ராக்கும் சேத்து சுமார் 1.8 ஜிபி வரும். மூணு எடத்துல காப்பி வைங்க, அதுல ஒண்ணு வேற ஏரியால இருக்கற சொந்தக்காரங்க வீட்டுல. டேப்பு உறையில எழுதிருக்கறத ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க, "7 வாய்ஸ்"னு மட்டும் எழுதிருந்தா அது யாரு வாய்ஸ்னு தெரிஞ்ச ஆளு இருக்கும்போதே கேட்டு, கிட்டார் யாரு, தபேலா யாருன்னும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல டைப் பண்ணி சேத்துடுங்க. மாத்தி முடிச்ச டேப்ப தூக்கிப் போடாதீங்க, முழுசா ரீவைண்ட் பண்ணி உறையில போட்டு புத்தகம் மாதிரி நிக்க வச்சி அடுக்குங்க, மெஷினையும் மாசத்துக்கு ஒரு தடவ ஒரு காலி டேப்பு போட்டு பத்து நிமிஷம் ஓட்டுங்க.